பள்ளி நாட்காட்டியும் பனிமலையும்: ஆல்ப்ஸ் செல்லும் பிரிட்டன் குடும்பத்தின் விடுமுறைக் கணக்கு

கடற்கரைக்கு விடுமுறை செல்லும் குடும்பம் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் பணம் ஒதுக்கிவிட்டால் அதன் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கடலில் இறங்குவதற்குக் கட்டணம் கிடையாது. பனிச்சறுக்குக்காக மலைக்குச் செல்லும் குடும்பமோ இம்மூன்றையும் கட்டிய பிறகு, மலைமேல் ஏற்றிவிடும் இயந்திரத்துக்கான கட்டணம், சறுக்குமட்டையும் பூட்ஸும் எடுக்கும் வாடகை, பயிற்சிப் பள்ளிக் கட்டணம், குளிர் தாங்கும் உடை, பனி விளையாட்டுகளுக்கென்று எடுக்க வேண்டிய தனிக் காப்பீடு என மேலும் ஐந்து செலவுகளைச் சந்திக்கிறது. இந்த ஐந்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. விடுதி அறையை நால்வர் பகிர்ந்துகொள்ளலாம், காரில் நால்வர் ஒன்றாக அமரலாம்; பூட்ஸையும் பயிற்சியையும் மலையேற்றச் சீட்டையும் எவரும் பகிர்ந்துகொள்ள முடியாது. குடும்பத்தில் ஒருவர் கூடினால் இந்த ஐந்தும் ஒருமுறை கூடும். பனிச்சறுக்கு விடுமுறை பெரிய குடும்பங்களுக்கு எட்டாததாகத் தோன்றுவதற்கு இந்தத் தலைக்கணக்கே முதற்காரணம்.

இவ்வுரை, இங்கிலாந்தில் வாழ்ந்து, பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகளோடு முதன்முறையாக ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு வாரம் செல்ல எண்ணும் நடுத்தரக் குடும்பத்தை முன்னிறுத்தி அமைகிறது. அத்தகைய குடும்பங்கள் பொதுவாக விமானச் சீட்டின் விலையிலிருந்தோ புகழ்பெற்ற ஓர் ஊரின் பெயரிலிருந்தோ திட்டத்தைத் தொடங்குகின்றன. அது தலைகீழான வரிசை. எந்த வாரம் செல்வது, எந்த உயரத்தில் தங்குவது, குழந்தைகள் யாரிடம் கற்பது என்ற மூன்று முடிவுகளே மொத்தச் செலவைத் தீர்மானிக்கின்றன என்பதும், அவற்றுள் வாரமே மற்ற இரண்டையும் ஆள்கிறது என்பதும் இவ்வுரையின் கருத்து.

இந்த விளையாட்டில் குடும்பம் எதற்குப் பணம் தருகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மலையிலிருந்து சறுக்கி இறங்குவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மேலே ஏறுவதற்குத்தான் கட்டணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சறுக்குவோர் பெரும்பாலும் மட்டையின் அடியில் விலங்குத்தோல் பட்டையைக் கட்டி மணிக்கணக்கில் நடந்தே ஏறி, ஒருமுறை இறங்கி, அத்துடன் அன்றைய பொழுதை முடித்துக்கொண்டனர். 1934 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஏர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற பொறியாளர் வடிவமைத்த இழுவை லிஃப்ட், அதாவது ஓடும் கம்பிவடத்திலிருந்து தொங்கும் கொக்கியைப் பற்றியபடி சறுக்குவோர் நின்றவாறே மேலேறும் பொறி, இயங்கத் தொடங்கிய பின்னர் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவது இயல்பாயிற்று. நாற்காலி லிஃப்டும் மூடிய பெட்டிகளும் பின்னர் பெருகின. இன்று ‘லிஃப்ட் பாஸ்’ எனப்படும் சீட்டு, இத்தனை நாட்களுக்கு இந்த எல்லைக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்ற உரிமையாகும். அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்தும் திறன் வாங்குபவரிடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இவ்வுரை பின்னர் திரும்பும்.

பிரிட்டானியருக்கும் ஆல்ப்ஸுக்கும் உள்ள உறவில் பள்ளி தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றிருக்கிறது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவரும் மருத்துவ ஊழியராக இந்தியாவுக்கு வந்து சென்றவருமான ஹென்றி லன், சுவிட்சர்லாந்துக்குப் பயணக் குழுக்களை அழைத்துச் செல்லும் தொழிலில் இறங்கியபோது, இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளில் பயின்றோருக்கென அமைத்த ஆல்ப்ஸ் விளையாட்டுக் கழகத்தின் வழியாகவே குளிர்கால வாடிக்கையாளர்களைத் திரட்டினார். அவருடைய மகன் ஆர்னல்ட் லன் 1922-இல் மூரன் என்னும் சுவிஸ் சிற்றூரில் நட்ட கொடிகளுக்கிடையே வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டியை அதன் நவீன வடிவில் முதன்முதலாக நடத்தினார். அவர் 1888-இல் சென்னையில் பிறந்தவர் என்பது தமிழ் வாசகர் அறிந்திருக்கத் தக்க செய்தி.

செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்த இவ்விளையாட்டைக் குடும்பங்களின் விடுமுறையாக மாற்றியதில் பிரான்சுக்குப் பெரும்பங்கு உண்டு. 1953-இல் பாரிஸை ஒட்டிய வான்வ் நகரத்திலிருந்து ஒரு வகுப்பு மாணவர்கள், மருத்துவர் மேக்ஸ் ஃபூரெஸ்தியேவின் முயற்சியால், சவாய் மலைப்பகுதியிலுள்ள லா ஃபெக்லாஸுக்குத் தம் ஆசிரியருடன் சென்று, காலையில் பாடமும் பிற்பகலில் சறுக்குப் பயிற்சியும் பெற்றனர்; ‘பனி வகுப்பு’ என்று பெயர்பெற்ற இம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. 1960-களிலும் 70-களிலும் பிரெஞ்சு அரசு ‘பனித் திட்டம்’ என்ற பெயரில், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் இருந்த வெற்று மேய்ச்சல் நிலங்களில் புத்தம்புது ஊர்களை எழுப்ப ஊக்கமளித்தது. லா பிளான், லெ சார்க், ஃபிளேன், அவோரியா போன்ற நிலையங்களில் தங்குமிடத்தின் வாசலிலேயே மட்டையை மாட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்க முடிகிறது. லெ சார்க்கின் கட்டடங்களை உருவாக்கியவர்களுள் ஷார்லாட் பெரியாங் முக்கியமானவர். ஒரு குடும்பத்துக்குத் தேவையான அனைத்தையும் மிகச் சிறிய பரப்புக்குள் அடக்கிய அவருடைய வீட்டமைப்பு, விலை குறைந்த விடுமுறைக்கு வழி செய்தது. இன்று பிரான்சுக்குச் செல்லும் பிரிட்டன் குடும்பம் பெரும்பாலும் தங்குவது அந்தக் காலத்துச் சிறு அடுக்குமாடிக் குடியிருப்புகளில்தான் என்பதால், விளம்பரத்தில் ‘ஆறு பேருக்கு’ என்றிருந்தால் எத்தனை சதுர மீட்டர் என்று கேட்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

இனி நாட்காட்டி. இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் ஒரு வார விடுப்பு விடப்படுகிறது. ‘ஹாஃப் டேர்ம்’ என வழங்கும் இந்த இடை விடுமுறை பிப்ரவரி நடுவில் வரும்போது, பள்ளிக் குழந்தையுள்ள குடும்பங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மலையை நோக்குகின்றன. பிரான்சிலும் அதே காலத்தில் இரண்டு வாரக் குளிர்கால விடுமுறை உண்டு. ஆனால் அங்கே நாடு ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் விடுமுறை ஒரு வாரம் தள்ளித் தொடங்குவதால், கூட்டம் நான்கு வாரங்களுக்குப் பரவுகிறது. எந்த மண்டலம் முதலில் தொடங்கும் என்பது ஆண்டுதோறும் சுழற்சியில் மாறும். 2026-இல் ‘ஏ’ மண்டலத்துக்கு பிப்ரவரி 7-ஆம் நாளும் ‘பி’ மண்டலத்துக்கு 14-ஆம் நாளும் பாரிஸ் அடங்கிய ‘சி’ மண்டலத்துக்கு 21-ஆம் நாளும் விடுமுறை தொடங்கின. ஆகவே இங்கிலாந்தின் இடை விடுமுறை வாரத்தில் பிரான்சின் இரண்டு மண்டலங்கள் ஏற்கனவே மலையில் இருந்தன. வாடகையும் விமானக் கட்டணமும் பயிற்சிப் பள்ளியில் இடமில்லாமையும் ஒரே வாரத்தில் உச்சத்தை எட்டுவது இதனால்தான். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் இந்த நாட்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவதால், பதிவு செய்வதற்கு முன் இரு நாட்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தைப் போலப் பணத்தை மிச்சப்படுத்தும் உழைப்பு இத்திட்டத்தில் வேறு எதுவும் இல்லை.

இந்த விலையேற்றத்திலிருந்து தப்பப் பள்ளி நாட்களிலேயே குழந்தையை அழைத்துச் செல்லும் வழக்கம் பரவியிருப்பதால் அதன் கணக்கையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, அனுமதியின்றி ஐந்து பள்ளி நாட்கள் தவறினால் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே அபராதம் விதிக்கப்படலாம். அது 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, அதற்குப் பின் 28-ஆம் நாள் வரை 160 பவுண்டு. இரு பெற்றோர், இரு குழந்தைகள் எனில் குறைந்தது 320 பவுண்டு. மூன்றாண்டுகளுக்குள் அதே குழந்தைக்காக அதே பெற்றோர் மீது இரண்டாம் முறை விதிக்கப்பட்டால் நேராக 160 பவுண்டு. மூன்றாம் முறை அபராதம் என்ற வழியே இல்லை, நீதிமன்றம் வரை செல்லலாம். விலை வித்தியாசம் இத்தொகையைவிடப் பெரியது என்று காட்டி அபராதத்தையும் விடுமுறைச் செலவில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்வோர் உள்ளனர். அது தவறான கணக்கு. சட்டம் படிப்படியாக இறுகுவதோடு, பெற்றோரே விதியைப் பணம் கொடுத்து விலக்கிக்கொள்வதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது.

முறையான மாற்றுவழிகள் இரண்டு உண்டு. குழந்தை கட்டாயப் பள்ளி வயதை எட்டாத குடும்பம், அதாவது ஐந்தாம் பிறந்தநாளுக்கு அடுத்த பருவம் இன்னும் தொடங்காத குழந்தையுள்ள குடும்பம், புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பின் ஜனவரி நடுவில் செல்லலாம். குளிர்காலப் பருவத்தில் விலை இறங்கும் காலம் அது, பிரான்சின் பெரும்பாலான நிலையங்களில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு லிஃப்ட் கட்டணமும் இல்லை. ஆனால் ஜனவரியில் பகல் குறுகியது, குளிர் கடுமையானது. மூன்று வயதுக் குழந்தை பனியில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, மீதிப் பொழுதுக்குக் காப்பகக் கட்டணம் கட்ட நேரிடும். மற்றொரு வழி ஈஸ்டர் விடுமுறை. ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த நாளிலும் வரக்கூடியது. 2027-இல் அது மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16. பத்தொன்பது நாள் வேறுபாடு பனிக்குப் பெரிய வேறுபாடு. ஈஸ்டர் முன்னதாக வரும் ஆண்டில், இதமான வெயிலும் நீண்ட பகலும் குறைந்த நெரிசலும் ஒன்றுசேரும் அந்த விடுமுறை சிறு குழந்தைகளோடு முதன்முறை செல்பவர்களுக்கு ஹாஃப் டேர்மைவிட எல்லா வகையிலும் உயர்ந்தது. ஈஸ்டர் பிந்தி வரும் ஆண்டில் உயரமான நிலையங்களை மட்டுமே நம்பலாம்.

உயரம் என்ற இரண்டாம் முடிவு இவ்வாறு முதல் முடிவிலிருந்தே பிறக்கிறது. மலையில் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற ஏறக் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே ஆயிரம் மீட்டரில் மழையாக விழுவது இரண்டாயிரம் மீட்டரில் பனியாக விழும். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருவத்தில் குறைந்தது 100 நாட்கள் சறுக்கப் போதுமான பனி இருப்பதை அளவுகோலாகக் கொண்டு ஆல்ப்ஸின் 666 நிலையங்களை மதிப்பிட்டு, அவற்றுள் 609 நிலையங்கள் இயற்கைப் பனியை நம்பத் தக்கவை என்றும், வெப்பம் இரண்டு டிகிரி கூடினால் அந்த எண்ணிக்கை 404 ஆகவும் நான்கு டிகிரி கூடினால் 202 ஆகவும் சரியும் என்றும் கணித்தது. ஓராண்டுக்கு முன்பே பணம் கட்டும் குடும்பம் இந்த அபாயத்தைத் தன் பணத்தால் சுமக்கிறது. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் நகரம் ஏறக்குறைய 760 மீட்டரிலும், பிரான்சின் மோர்சீன் ஆயிரம் மீட்டரிலும், வால் தோரன்ஸ் 2,300 மீட்டரிலும் அமைந்திருப்பதை ஒப்பிட்டால், ஒரே மலைத்தொடருக்குள் எவ்வளவு வேறுபாடு என்பது விளங்கும்.

எனினும் உயரம் கூடுவதெல்லாம் நன்மை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆல்ப்ஸில் மரங்கள் வளரும் எல்லை ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டரோடு முடிகிறது. அதற்கு மேல் வெட்டவெளி. மேகம் இறங்கிப் பனி பெய்யும் நாளில் நிலமும் வானமும் ஒரே வெண்மையாகி, தேர்ந்தவர்களுக்கே மேடுபள்ளம் தெரியாது, குழந்தைகளுக்கு அன்றைய நாள் வீண். மரங்கள் சூழ்ந்த தடங்களில் அதே நாளில் கண்ணுக்கு ஓர் அடையாளம் கிடைக்கும், காற்றும் தணியும். ஆகவே பிப்ரவரியில் செல்லும் முதல்முறைக் குடும்பத்துக்கு, 1,500 முதல் 1,900 மீட்டர் வரையிலான உயரத்தில் ஊரும், அதற்கு மேல் 2,500 மீட்டர் அளவுக்கு எட்டும் லிஃப்டுகளும் உள்ள நிலையமே பொருத்தம்.

மூன்றாவது முடிவில்தான் குடும்பங்கள் மிகுதியாகப் பணத்தை இழக்கின்றன. பிரான்சின் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ நிலையத் தொகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குத்தடங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. லா பிளானும் லெ சார்க்கும் 2003 டிசம்பரில் ஒரு பெரிய கேபிள் காரால் இணைக்கப்பட்ட பின் ‘பாராடிஸ்கி’ என்ற பெயரில் 425 கிலோமீட்டர் தடங்களைக் கொண்டுள்ளன. இந்த எண்கள் கேட்பவரை மயக்குகின்றன. முதல் வாரம் கற்றுக்கொள்ளும் ஒருவர், ஊரை ஒட்டிய பயிற்சிச் சரிவிலும் அதற்கு மேலுள்ள இரண்டு மூன்று எளிய தடங்களிலுமே தம் ஆறு நாட்களையும் கழிப்பார். பிரான்சில் தடங்கள் கடினத்துக்கேற்பப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நிறக்குறி பெறுகின்றன. ஆஸ்திரியாவில் பச்சை கிடையாது, நீலத்திலிருந்தே தொடங்குகிறது. பச்சையிலும் நீலத்திலும் மட்டுமே சறுக்கத் தெரிந்தவர் முழுத் தொகுதிக்கான பாஸை வாங்குவது, நூலகம் முழுவதையும் விலைக்கு வாங்கி ஒரு நூலை மட்டும் படிப்பதற்கு ஒப்பாகும். பயிற்சிச் சரிவிலுள்ள சிறு லிஃப்டுகளுக்குப் பல நிலையங்களில் கட்டணமே இல்லை; தொடக்கநிலையாளருக்கென எல்லை சுருங்கிய மலிவான பாஸும் தனியாக விற்கப்படுகிறது; ஊரின் தடங்களுக்கு மட்டுமான பாஸ் அதற்கு அடுத்த படி. எடுத்துக்காட்டாக, பெரிய பாஸுக்கும் ஊர்ப் பாஸுக்கும் நாளொன்றுக்கு 15 யூரோ வேறுபாடு என்று கொண்டால், நால்வருக்கு ஆறு நாட்களில் 360 யூரோ மிஞ்சும்.

அப்படி மிஞ்சும் பணம் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். தாமாகவே கற்பிக்க முற்படும் பெற்றோர், இரண்டாம் நாளே குழந்தையின் கண்ணீரோடும் தம் முதுகுவலியோடும் திரும்புவதை எந்த நிலையத்திலும் காணலாம். 1945-இல் தொடங்கப்பட்டு, சிவப்புச் சட்டைப் பயிற்சியாளர்களால் அடையாளம் காணப்படும் பிரெஞ்சு சறுக்குப் பள்ளி, மூன்று வயதிலிருந்தே குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே சிறுவர்களுக்கு வேலியிட்ட தனிப் பனித்தோட்டம் உண்டு. ‘பியூ பியூ’ என்ற குஞ்சுப் பறவை நிலையில் தொடங்கி, கரடிக்குட்டி, பனித்துகள், பின்னர் முதல் நட்சத்திரம், இரண்டாம் நட்சத்திரம் என்று படிநிலைகள் மேலேறுகின்றன. முதன்முறை செல்லும் குழந்தைக்கு அரைநாள் குழுப்பயிற்சி போதும். முழுநாள் வகுப்பு பெற்றோரின் வசதிக்கு ஏற்றதே தவிர ஆறு வயதுக் கால்களுக்கு ஏற்றதன்று. ஹாஃப் டேர்ம் வாரத்தில் ஆங்கிலம் பேசும் பயிற்சியாளரின் குழுக்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், தங்குமிடம் உறுதியான உடனே பயிற்சியைப் பதிவு செய்வது முறை. பெரியவர்களும் கற்க வேண்டும் என்பதைக் கணக்கில் மறந்துவிடலாகாது.

புறப்படுவதற்கு முன்பே பிரிட்டனில் சில மணி நேரம் பழகிக்கொள்ளும் வாய்ப்பையும் குடும்பங்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. எடின்பரோவை அடுத்த ஹில்லெண்டில் தூரிகை போன்ற செயற்கை விரிப்பால் ஆன நீண்ட சரிவு உள்ளது. டாம்வொர்த், மில்டன் கீன்ஸ், மான்செஸ்டர், ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஆகிய ஊர்களில் கூரைக்குள் உண்மையான பனியைக் கொட்டிய சரிவுகள் உள்ளன. பூட்ஸை மாட்டுவது, விழுந்து எழுவது, மட்டையின் முன்முனைகளைச் சேர்த்து வேகம் குறைப்பது ஆகிய மூன்றையும் வீட்டருகே கற்றுக்கொண்டு செல்லும் குழந்தைக்கு, ஆல்ப்ஸின் முதல் நாள் வீணாவதில்லை. குளிரும் கனத்த பூட்ஸும் குழந்தைக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா என்பதும் பெருந்தொகை கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, பிரான்சில் சமையலறையோடு கூடிய குடியிருப்பும், ஆஸ்திரியாவில் காலை இரவு உணவு சேர்ந்த விடுதியும் வழக்கம். சமைத்துண்ணும் குடும்பம் மலைமேல் உள்ள கடைகளை நம்பாமல், மூத்தியே, பூர் சென் மொரீஸ் போன்ற பள்ளத்தாக்கு நகரங்களின் அங்காடிகளில் ஒரு வாரத்துக்கான அரிசியும் பருப்பும் பாலும் வாங்கிக்கொண்டு ஏறினால் கணிசமாக மிச்சமாகும். விலையை விட முக்கியமானது தூரம். பயிற்சி கூடும் இடத்திலிருந்து தங்குமிடம் எத்தனை நிமிட நடை என்பதை வரைபடத்தில் அளந்து பார்க்க வேண்டும். நான்கு பேரின் மட்டைகளையும் சுமந்துகொண்டு, கனத்த பூட்ஸோடு வழுக்கும் பாதையில் குழந்தையை இழுத்துச் செல்லும் பத்து நிமிடம், மலிவான அறை தந்த இலாபத்தை இரண்டு நாளில் அழித்துவிடும். வரிச்சலுகை பெற்ற இத்தாலியின் லிவின்யோ போன்ற ஊர்களில் உள்ளூர்ச் செலவு குறைவு என்றாலும் விமான நிலையத்திலிருந்து செல்லும் நேரம் மிகுதி. பல்கேரியாவின் பான்ஸ்கோ ஆல்ப்ஸைவிட மலிவு, தொடக்கநிலையாளருக்குப் போதுமானது, எனவே பணம் இறுக்கமாயுள்ள குடும்பம் தயக்கமின்றி அதை எண்ணிப் பார்க்கலாம்.

பயணத்தில் சனிக்கிழமை ஒரு தனிச் சிக்கல். பெரும்பாலான வீடுகள் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுவதால், பழையவர்கள் இறங்குவதும் புதியவர்கள் ஏறுவதும் ஒரே நாளில், ஒரே மலைச்சாலையில் நடக்கின்றன. அல்பெர்வில்லிலிருந்து மூத்தியே வரையிலான சாலை பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் மணிக்கணக்கில் உறைந்து நிற்கும். ஞாயிறு முதல் ஞாயிறு வரை கிடைக்கும் வீடு விமானக் கட்டணத்திலும் நேரத்திலும் மிச்சம் தரும். காலேயிலிருந்து காரில் செல்வோர் 900 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். எரிபொருளோடு நெடுஞ்சாலைச் சுங்கமும் ஓரிரவுத் தங்கலும் கணக்கில் சேரும். மேலும் 2021 நவம்பர் முதல், குறிக்கப்பட்ட பிரெஞ்சு மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர்களோ பனிச் சங்கிலியோ வண்டியில் இருப்பது கட்டாயம். நால்வருக்கு மேற்பட்ட குடும்பத்துக்குக் காரும், நால்வருக்குட்பட்ட குடும்பத்துக்கு ரயிலோ விமானமோ பொதுவாக ஏற்றவை.

உபகரணங்களை வாங்கவே கூடாது. ஆண்டுக்கு ஒரு வாரமே பயன்பட்டு, வளரும் பாதத்துக்கு அடுத்த ஆண்டு பொருந்தாத பூட்ஸை வாங்கி, விமானத்தில் அதற்கும் தனிக் கட்டணம் கட்டுவதில் பொருள் இல்லை. வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, திறன் ஆகியவற்றை உள்ளபடி சொல்ல வேண்டும்; விழும்போது பூட்ஸை மட்டையிலிருந்து தானாக விடுவிக்கும் பிணைப்பின் இறுக்கம் அவற்றைக் கொண்டே அமைக்கப்படுகிறது, பொய்யான எடை சொன்னால் கால் முறியலாம். உடைகளில் சட்டையும் கால்சட்டையும் இரவல் வாங்கத் தகுந்தவை. உறவினரிடமும் பழைய துணிக் கடைகளிலும், குளிர்காலத் தொடக்கத்தில் லிட்ல், ஆல்டி போன்ற அங்காடிகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உடலை ஒட்டி அணியும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்துக் குளிரேற்றும். கையுறையிலும் கண்ணாடியிலும் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி எறிகிறது. மேகமூட்டமான நாளிலும் குழந்தையின் கண் பழுதுபடலாம். தலைக்கவசம் இத்தாலியில் 2025-26 பருவம் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். மற்ற நாடுகளில் சட்டம் எவ்வாறிருந்தாலும் பெற்றோரும் அதை அணிவதே குழந்தைக்குப் போதனை.

காப்பீட்டில் ஒரு பவுண்டும் குறைக்கக் கூடாது; மலையில் மீட்புப் பணி இலவசம் என்பது பரவலான தவறான நம்பிக்கை. பிரான்சில் 1985-ஆம் ஆண்டின் மலைச் சட்டத்துக்குப் பின், சறுக்குத்தடத்தில் காயம்பட்டவரைக் கீழே கொண்டுவரும் செலவை ஊராட்சி அவரிடமே வசூலிக்கலாம். பிரிட்டானியர் கையில் வைத்திருக்கும் ஜிஹெச்ஐசி என்ற நலவாழ்வு அட்டை, அந்நாட்டு அரசு மருத்துவமனையில் அந்நாட்டினர் பெறும் அளவுக்கான சிகிச்சைக்கே உதவும்; மலைமீட்புக்கோ தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்து வருவதற்கோ உதவாது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு பெரும்பாலும் சேர்ந்திருப்பதில்லை, தனித்தொகை கட்டிச் சேர்க்க வேண்டும். தடத்துக்கு வெளியே சறுக்கியபோதும் மது அருந்தியிருந்தபோதும் நேர்ந்த விபத்தைப் பல ஒப்பந்தங்கள் விலக்குகின்றன. பிறரை மோதிக் காயப்படுத்தினால் ஏற்படும் பொறுப்புக்கான காப்பீடு இத்தாலியில் 2022 ஜனவரி முதல் கட்டாயம். விடுமுறையைப் பதிவு செய்த அன்றே காப்பீட்டை எடுத்தால், புறப்படும் முன் குழந்தைக்கு நோய் கண்டு பயணம் நின்றாலும் பணம் திரும்பும்.

ஆவணங்களில் குழந்தைகளின் கடவுச்சீட்டே முதலில் கைவிடும். பிரிட்டனில் அது ஐந்தாண்டுக்கு மட்டுமே செல்லும். ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்குள், நுழையும் நாளில் பிரிட்டன் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்தாண்டு கடந்திருக்கக் கூடாது. வெளியேறிய பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய பதிவு முறையில் முகப்படமும் விரல்ரேகையும் எடுக்கப்படுவதால், விமான நிலையத்திலும் டோவரிலும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். இலண்டனிலும் பிற நகரங்களிலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஷெங்கன் விசா தேவை. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குட்பட்டோருக்கு 45 யூரோ, அதற்குக் குறைந்தோருக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைத்தொகை தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், பிப்ரவரிப் பயணத்துக்கு ஆகஸ்டு இறுதியிலேயே சந்திப்பு நாளைத் தேடத் தொடங்குவது பாதுகாப்பு. விசா கைக்கு வரும்வரை, திரும்பப் பெற முடியாத கட்டணத்தில் எதையும் வாங்கக் கூடாது.

பணத்தைச் சேர்க்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள் போதும். பயணத்துக்குப் பன்னிரண்டு மாதம் முன் வாரத்தை உறுதிசெய்து, மதிப்பிட்ட தொகையை மாதங்களால் வகுத்துத் தனிக் கணக்கில் போட்டுவரும் குடும்பம், கடன் அட்டையின் வட்டியிலிருந்து தப்புகிறது. கட்டணங்கள் யூரோவிலோ சுவிஸ் பிராங்கிலோ இருக்கும், சம்பளம் பவுண்டில் வரும். ஆதலால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை நாணய மாற்றத்துக்கும் எதிர்பாராச் செலவுக்கும் ஒதுக்கிவைப்பது தேவை. சுவிட்சர்லாந்தின் பல நிலையங்களில் லிஃப்ட் பாஸின் விலை விமானச் சீட்டைப் போலத் தேவைக்கேற்ப ஏறியிறங்குவதால், அங்கே செல்வோர் முன்கூட்டி வாங்குவது மலிவு. பயணத்தையும் தங்குமிடத்தையும் ஒரே நிறுவனத்திடம் தொகுப்பாக வாங்கினால், அந்நிறுவனம் நொடித்தாலும் பணத்துக்குப் பிரிட்டன் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. விமானம் சேர்ந்த தொகுப்புக்கு 1973 முதல் நடப்பிலுள்ள ‘ஏடால்’ உரிமம் அதற்குச் சான்று.

வாரத்தின் கடைசி நாளில் பயிற்சிப் பள்ளி ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டிய நிலைக்குரிய சிறு பதக்கத்தை அணிவிக்கிறது. எட்டிய நிலையைப் பதியும் கையேடும் உண்டு. அடுத்த முறை எந்த ஊருக்குச் சென்றாலும் எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதை அந்தப் பதிவைக் கொண்டே முடிவு செய்யலாம் என்பதால், பெற்றோர் அதைக் கடவுச்சீட்டுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.